இருபத்து மூன்றும் ஐம்பதும்

ஞாயிறு மூன்று மணி.
புக்கிட் பாத்தோக் சமூக மன்றம், இரண்டாம் மாடி.
பக்கத்து அறையில் லைன் டான்ஸ்.
அவர்கள் ஒருசேரத் திரும்பும்போதெல்லாம்
எங்கள் ஸ்கிராபிள் பலகை
ஒரு மயிரிழை நகரும்.

எதிரே மேடம் குவெக்,
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்.
பத்துப் புள்ளி க்யூவைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு
பிறந்திருக்கிறார், என்ன பயன்?
ஆட்பெயர் செல்லாது இங்கே.
நளாயினி என்ற என் பெயரும்தான்.
(கூட்டிப் பார்த்தேன். பதினொன்று.)

நான் பலதுறை மருந்தகத்தில்
மருந்து எடுத்துக் கொடுப்பவள்.
நீளச் சொற்கள் எனக்கு அட்டை அட்டையாக வரும்.
ஆக்ஸிஃபென்பியூட்டாஸோன்:
பலகையின் ஒரு வரிசைக்கு அச்சாகப் பொருந்தும்
பதினைந்து எழுத்து மூட்டுவலி மாத்திரை.
எங்கள் அலமாரியில் அது இல்லை.
சொற்பட்டியலில் மட்டும் இன்னும் காலாவதியாகவில்லை.

இந்த ஆட்டத்துக்குப் பொருள் தேவையில்லை.
எழுத்து சரியாக இருந்தால் போதும்.
எனக்குத்தான் பொருள் தெரியாமல் தூக்கம் வராது.

போர்போரிக்மஸ்,
பசித்த குடல் போடும் சத்தம்.
நாம் கடமுடா என்று
வயிற்றையே பேச விட்டுவிடுவோம்.
அவர்கள் கிரேக்கத்திடம் கடன் வாங்கி
அதற்குப் பதினோரு எழுத்து செலவழித்திருக்கிறார்கள்.

டீஃபெனெஸ்ட்ரேஷன்,
சன்னல் வழியே வெளியே எறிதல்.
எங்கள் வீவக புளோக்கின் மின்தூக்கியில்
நான்கு மொழியில் தடுத்து ஒட்டியிருக்கும் குற்றம்.
அவன் போன மறுவாரம்
அவனுடைய ஒன்பது சட்டைகளோடு
பன்னிரண்டாம் மாடிச் சன்னலருகே நின்றேன்.
பிறகு அபராதத்தை நினைத்து
மின்தூக்கியில் இறங்கிப் போய்த்தான் போட்டேன்.

ஆப்ஸ்குவாட்யுலேட்.
இதைக் கண்டது ஒரு விடிகாலை இரண்டு மணிக்கு.
சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போதல்.
லத்தீன் மாதிரி ஒலிக்கட்டும் என்று
யாரோ விளையாட்டுக்கு ஒட்டவைத்த சொல்லாம்.
பன்னிரண்டு எழுத்து.
நோய்க்குப் பெயர் தெரிந்ததும்
பாதி தெம்போடு எழுந்து போகிறவர்களை
கவுண்டரில் தினமும் பார்க்கிறேன்.
அன்றைக்கு நானும் எழுந்து போய்
தண்ணீர் குடித்தேன்.

அம்மா தொலைபேசியில்
ஒரே மூச்சில் சொன்னதும் ஒரு சொல்தான்:
ஓடிப்போயிருக்கமாட்டானென்றுதானிருந்தேன்.
இருபது எழுத்து. எண்ணினேன்.
பலகைக்கு வெளியே
ஐந்து எழுத்து காற்றில் தொங்கும்.

இன்று மேடம் குவெக்
தன் க்யூவை இறக்கி ஸ்குவாட் என்று வைத்தார்.
குந்து.
அதற்கு இடப்பக்கம் இரண்டு கட்டம் காலி,
வலப்பக்கம் ஐந்து.
என் தட்டில்
ஏ, பி, யூ, எல், ஏ, டீ, ஈ.

முதலில் எனக்கே தெரியவில்லை.
லைன் டான்ஸ் திரும்பியது.
பலகை நகர்ந்தது.
தெரிந்தது.

ஓடிப்போதலின் நடுவே
ஒருத்தி இத்தனை நாள்
குந்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

முன்னால் இரண்டு, பின்னால் ஐந்து,
ஏழு கட்டையும் வைத்தேன்.
எழுத்துக்கு இருபத்து மூன்று,
ஏழையும் ஒருசேர இறக்கியதற்கு ஐம்பது,
வண்ணக் கட்டங்களின் பெருக்கல் தனி.
கை நடுங்கியதில் ஈ மட்டும் கோணலாக நின்றது.
அதை மேடம் குவெக்தான்
நகத்தால் நேராக்கினார்.

சவால் விடுவார் என்று பார்த்தேன்.
விடவில்லை.
மூன்று வருட ஆட்டத்தில் முதல்முறையாக
"மீனிங் என்ன?" என்றார்.

அகராதி சொல்வதைச் சொல்ல வாயெடுத்தேன்.
"என் வீட்டுக்காரர்" என்றுதான் வந்தது.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.
புள்ளியைக் கூட்டவில்லை.
பக்கத்து அறையில் பாட்டு முடிந்திருந்தது.

அந்த அமைதியில்
யாருடைய வயிறோ உருண்டது,
நீளமாக, வெட்கமில்லாமல்.
பதினோரு எழுத்தும் அதில் இருந்தன.

"என்னுடையது" என்றார் மேடம் குவெக்.
"கீழே மீ ரெபுஸ் கடை திறந்திருக்கும்.
பலகை அப்படியே கிடக்கட்டும், வா."